ஆறு வாரத் தாடி

தாராளமாப் பாரு கண்ணு, ஓரக்கண்ணால எதுக்குப் பாக்கறே? தாடிதான். ஆறு வாரத் தாடி. பொட்டும் பூவுமா, சின்னாளப்பட்டிச் சேலையைக் கட்டிக்கிட்டு ஒருத்தி தாடியோட உக்காந்திருந்தா யாருக்கும் கண்ணு போகத்தான் செய்யும். உன் பொண்ணு பாவம், சிரிப்பை அடக்க முடியாம போனுக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டா. சிரிக்கட்டும் விடு. சேலம் பஸ் ஸ்டாண்டுல முப்பது வருசமா என்னைப் பாத்துச் சிரிக்காதவன் எவன்? நான் ஒரு கை தட்டினா அத்தனை பேர் சிரிப்பும் அடங்கிடும்.

தள்ளித் தள்ளி உக்காராத. பெஞ்சு முடிஞ்சுபோச்சு, கீழ விழுந்துடுவே.

என் பேரு கமலவேணி. என் மக மிருதுளா இந்த லேசர் ஆஸ்பத்திரி உள்ளதான் இருக்கா, அந்த ரெண்டாவது ரூம்ல. அவளும் என்னை மாதிரி திருநங்கைதான். நான் பெத்த பொண்ணு இல்ல, எடுத்த பொண்ணு. எங்கள்ல அப்படித்தான். மடியில உக்கார வெச்சு, இவ எம் பொண்ணுன்னு பத்துப் பேர் முன்னாடி சொல்லிட்டா, அதுக்கப்புறம் பெத்தவ கூட வந்து கேக்க முடியாது. நாலு மாசமா அவ என்கிட்ட பேசலை. என் நம்பரை பிளாக் பண்ணி வெச்சிருக்கா. இன்னிக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகாம நான் இந்த இடத்தை விட்டு நகரப் போறதில்ல.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன். அங்க கவுண்டர்ல இருக்கிற பொண்ணுக்கு என்னைக் கண்டா ஆகாது. இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு போன தடவை சொல்லிடுச்சு. இன்னிக்குத் தலைப்பை முக்காடு போட்டுக்கிட்டு உன் பின்னாடியே நுழைஞ்சு வந்துட்டேன். உன் கூட வந்த சொந்தக்காரின்னு நினைச்சிருக்கும். கோவிச்சுக்காத கண்ணு, ஒரு அரை மணி நேரத்துக்கு நான் உனக்கு அக்கா.

உன் கையில ஒரு காகிதம் இருக்கே, அதைப் படிச்சியா? மடிச்சு விசிறிக்கிட்டு இருக்கே! படி. அந்த ஒத்தைக் காகிதத்தைப் படிக்காமதான் என் வீடு இப்படிக் கெடக்கு. எனக்கு இப்ப அது மனப்பாடம். ஆறு வாரத்துக்கு நூல் போட்டு எடுக்கக்கூடாது, வேக்ஸ் வெச்சு இழுக்கக்கூடாது, இடுக்கியால பிடுங்கக்கூடாது. வேரு உள்ளயே இருக்கணும். லேசர் வெளிச்சம் அந்த வேரைத் தேடிப் போய்ச் சுடுமாம். வேரே இல்லைன்னா என்னத்தைச் சுடும்? வெயில்ல அலைஞ்சு கறுக்கக்கூடாது. மஞ்சள் ஆகாது, பிளீச் ஆகாது, செவப்பழகு கிரீம் ஆகாது. லேசருக்கு முத நாள் சுத்தமா சவரம் பண்ணிக்கணும். மறுநாள் மூஞ்சியில ஒண்ணும் பூசாம வரணும். ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லணும். உன் பொண்ணு மேலுதடு பளபளன்னு இருக்கே, பார்லர் போனாளா? பொய் சொல்லாத, எனக்குத் தெரியும், முப்பத்தஞ்சு வருசமா எனக்கு இதே பொழப்பு. போன வாரமா! அப்ப உள்ள போனதும் முதல்ல அதைச் சொல்லிடு. இன்னொரு நாள் வரச் சொன்னா வந்துட்டுப் போங்க, அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறே. சொல்றேன்.

எங்க வீட்டுல கத்தி கிடையாது. காய் நறுக்கறது இருக்கு, சவரக் கத்தியைச் சொல்றேன். அது ஆம்பளை சாமான். எங்கள்ல மூஞ்சியில கத்தி வெச்சவ மறுபடி ஆம்பளைன்னு கணக்கு. எல்லா எடத்துலயும் இப்படியான்னு எனக்குத் தெரியாது, இப்ப வர்ற புள்ளைங்க எதையும் மதிக்கறதில்ல. என்னை மகளா எடுத்த எங்க குரு வீட்டுல இதான் சட்டம். பின்ன தாடியை என்ன பண்றது? சிமிட்டா. இடுக்கிதான் கண்ணு, விரல் நீளத்துக்கு எஃகுல அடிச்சது. ஒண்ணொண்ணாப் பிடிச்சு இழுக்கணும். கன்னம், தாடை, தொண்டைக்குழி, எல்லாம்.

எனக்கு முதல்ல பண்ணப்ப பத்தொம்போது வயசு. எங்க குரு என் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிட்டாங்க. நல்ல கனம். கூட இருந்தவங்களைப் பாத்து, 'கையை மட்டும் பிடிச்சுக்கோங்கடி, மத்ததை நான் பாத்துக்கறேன்'னாங்க. காலைல பழையது குடிச்சதும் ஆரம்பிச்சு, மத்தியானச் சோத்துக்கு எழுந்தோம். மூஞ்சி பூரி மாதிரி உப்பிடுச்சு. ரெண்டு நாள் வாயைத் தெறக்க முடியலை. நான் அழுதேனா? ஒரு பொட்டுக் கண்ணீர் விடலை. சரி, விட்டேன். ஆனா எல்லாம் முடிஞ்சதும் எங்க குரு கண்ணாடியை என் முன்னாடி பிடிச்சு, இந்தக் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தாங்க பாரு, என்னைப் பெத்தவ கூட அப்படிக் குடுத்ததில்ல. தொட்டுப் பாரு. பயப்படாத, தொடு. குழி குழியா இருக்கா? அது பிடுங்கினது. அந்த எடத்துல அப்புறம் முடியே வரலை. உன் லேசர் இதைத்தானே பண்ணுது?

மிருதுளா என்கிட்ட வந்து மூணு வருசம். ஊரு ராசிபுரத்துப் பக்கம். அப்பன்காரன் வயரால அடிச்சுத் தொரத்தினான். வந்தப்ப முதுகெல்லாம் கோடு கோடா இருந்துச்சு, நான்தான் மருந்து போட்டேன். அடிச்சவன் கை வெளங்குமான்னு மண்ணை வாரித் தூத்தினேன். புள்ளையை அடிக்கற ஜாதி எல்லாம் மனுசனாம்மா? நான் என் பொண்ணுங்க மேல கை நீட்டினதே கிடையாது. கரண்டி ஒரு தடவை. அதுவும் சூடு இல்லாத கரண்டி.

அவ படிச்சவ. டி.பார்ம் முடிச்சிருந்தா. ஒரு மெடிக்கல் ஷாப்புல வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. 'கவுண்டர்ல நின்னா எல்லாரும் என் தாடையைத்தான் பாப்பாங்கம்மா, மருந்தைப் பாக்க மாட்டாங்க, நான் லேசர் பண்ணிக்கறேன்'னா. நான் ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லலை. தம்ளரை எறிஞ்சேன், அவ்வளவுதான். அவ மேல இல்ல, செவுத்து மேல எறிஞ்சேன். அவ செவுத்தை ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தா. அதுக்கு நான் என்ன பண்றது? புருவத்துல ரெண்டு தையல். அதோட அவ லேசர் பேச்சையே எடுக்கலை. சரி, புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சேன்.

இப்ப நடுவுல ஒருத்தியைப் பத்திச் சொல்லணும். இவளுக்கு முன்னாடி எனக்கு செண்பகம்னு ஒரு மக இருந்தா. ஏழு வருசம் என் கையால சாப்பிட்டவ. ஒரு நாள் திடீர்னு மஞ்சள் பூசறதை நிறுத்தினா. கேட்டா, அரிக்குதும்மான்னா. கடை கடையாப் போய்க் கை தட்டிக் காசு கேப்போமே, அந்தக் கடை கேக்கப் போறப்ப முக்காடு போட்டா. கேட்டா, வெயிலும்மான்னா. அப்புறம் பாத்தா தாடி. ஒரு செவ்வாக்கிழமை, பேன்ட் சட்டை போட்டு, கூந்தலை வெட்டி என் கட்டில் மேலயே வெச்சுட்டு, ஊருக்குப் போயிட்டா. ஆம்பளையாத் திரும்பிப் போயிட்டா. அந்தப் பக்கம் ஒரு பொண்ணைக் கட்டி வெச்சுட்டாங்களாம். அந்தக் கூந்தலை மடியில வெச்சுக்கிட்டு நான் பைத்தியம் மாதிரி ஒரு மாசம் கெடந்தேன். சோறு எறங்கலை. இன்னொருத்தி என்னை விட்டு அப்படிப் போனா அன்னிக்கே நான் செத்தேன்னு அப்ப நினைச்சேன்.

இப்ப நீயே சொல்லு. போன தை மாசம் மிருதுளா மஞ்சள் பூசறதை நிறுத்தினா. கேட்டா, அரிக்குதும்மான்னா. அதே வார்த்தை! கடை கேக்கக் கூப்பிட்டா வெயில்னு வரமாட்டேன்னா. வந்தா குடை. குடை பிடிச்சுக்கிட்டு எவடி கடை கேப்பான்னு திட்டினேன், அவ துப்பட்டாவைக் கண்ணு வரைக்கும் இழுத்துச் சுத்திக்கிட்டா. ஞாயித்துக்கிழமையானா நாங்க எல்லாரும் வட்டமா உக்காந்து சிமிட்டா போடுவோம். பேச்சும் சிரிப்புமா இருக்கும். அதுக்கும் வரலை. கதவைச் சாத்திக்கிட்டா. ஒரு நாள் அவ சோறு திங்கறப்ப துப்பட்டா நழுவுச்சு. பாத்தேன். தாடை நெடுக கறுப்பு. கேக்கலாம்ல? கேக்கலாம். செண்பகத்தைக் கேட்டேனே, அவ என்ன நெசத்தையா சொன்னா?

ஒரு புதன்கெழமை மத்தியானம், பாத்ரூம் கதவு சரியா சாத்தாம இருந்துச்சு. உள்ள மிருதுளா. கன்னத்துல நுரை. கையில ரேசர். தலையை ஒரு பக்கமாச் சாச்சு, வாயைக் கோணி வெச்சுக்கிட்டு, எங்கப்பன் பண்ணுவானே அதே மாதிரி சிரைச்சுக்கிட்டு இருக்கா. எடது கன்னம் முடிஞ்சிருந்துச்சு.

என் கண்ணுக்கு அங்க நின்னது செண்பகம்தான். கூந்தலைப் பிடிச்சுக் கூடத்துக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். ரேசரைப் பிடுங்கறப்ப என் உள்ளங்கை கிழிஞ்சுபோச்சு, இதோ தழும்பு. அஞ்சலைன்னு எனக்கு இன்னொரு மக, நல்ல தாட்டியமானவ, அவளைக் கூப்பிட்டேன். தலையணை உறையை மிருதுளா வாயில திணிச்சேன். கத்தினா தெருவே கூடிடும்ல, நமக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல. நெஞ்சு மேல ஏறி உக்காந்தேன். 'நீ கையை மட்டும் பிடிச்சுக்கோடி, மத்ததை நான் பாத்துக்கறேன்'னேன்.

அடிக்கலை. நல்லாக் கேட்டுக்கோ, ஒரு அடி அடிக்கலை. பிடுங்கினேன். அடிக்கறது வேற, பிடுங்கறது வேற. வலது பக்கம் நாலஞ்சு நாள் முடி இருந்துச்சு, சுலபமா வந்துச்சு. எடது பக்கம் சிரைச்சிருந்தாளே, அங்கதான் சிமிட்டாவுக்கு நுனி கிடைக்கலை. தோலுக்குள்ள குத்தி, தோண்டித்தான் எடுக்கணும். தோண்டினேன். ரத்தம் வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. துடைச்சுத் துடைச்சுத் தோண்டினேன். அவ தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினா, துணிக்குள்ள என்னவோ சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னா. நான் என்னத்தைக் கண்டேன், திட்டறான்னு நினைச்சேன். ஆட்டாதடி, ஆட்டினா கண்ணுல குத்திடும்னு முட்டியை வெச்சுக் கழுத்தை அமுக்கினேன். அவ நல்லதுக்குத்தான் அமுக்கினேன், கண்ணு போயிட்டா யாரு பாக்கறது?

அஞ்சலை அழுதுட்டா. 'போதும்மா, விட்டுடும்மா'ன்னா. ஒரு அதட்டுப் போட்டேன், பிடிச்சுக்கிட்டா. எனக்கு மட்டும் கண்ணு கலங்கலையா? நானும் அழுதுக்கிட்டேதான் பண்ணேன். 'ஏன்டி போறே, ஏன்டி என்னை விட்டுட்டுப் போறே'ன்னு கேட்டுக்கிட்டே பண்ணேன். கடைசி முடி வரைக்கும் எடுத்தேன். அப்புறம் மஞ்சளைக் குழைச்சு மூஞ்சி பூராப் பத்துப் போட்டேன். வாய்த்துணியை எடுத்தேன். எங்க குரு பண்ண மாதிரியே கண்ணாடியை எடுத்து அவ முன்னாடி பிடிச்சேன்.

அவ பாத்தா. கத்தலை, அழலை. 'நாளைக்கு லேசரும்மா'ன்னா. துணிக்குள்ள சொன்னது அதான். அவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

எனக்கு ஒண்ணும் புரியலை. அவளோட தலையணை கீழ ஒரு காகிதம் இருந்துச்சு, உன் கையில இருக்கே, இதே காகிதம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அஞ்சலைதான் படிச்சா. ஆறு வாரம் பிடுங்கக்கூடாது. மஞ்சள் கூடாது. வெயில் கூடாது. முத நாள் சவரம். ஒவ்வொண்ணும் படிக்கப் படிக்க எனக்கு யாரோ சம்மட்டியால நெஞ்சுல போடற மாதிரி இருந்துச்சு. போறதுக்கு இல்ல கண்ணு. அவ முழுப் பொம்பளையா ஆகறதுக்குத்தான் அத்தனையும் பண்ணியிருக்கா. நான் ஒவ்வொண்ணையும் தலைகீழாப் படிச்சிருக்கேன்.

அதுக்கு நான் மட்டுமா காரணம்? முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்ல? சரி, சொன்னாதான். தம்ளர் விசயத்தை நான்தான் சொன்னேனே, மறைச்சேனா?

மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் எடது கன்னம் பூரா சீழ் வெச்சிடுச்சு, கண்ணு மூடிக்கிச்சு. கஞ்சி வெச்சுக் குடுத்தேன், குடிக்கலை. முத்தம் குடுக்கப் போனேன், கையால மூஞ்சியை மூடிக்கிட்டா. அஞ்சாம் நாள் நான் கடை கேட்டுட்டு வந்து பாக்கறேன், சர்ட்டிபிகேட் பையோட போயிட்டா. ஆஸ்பத்திரியில யாரு பண்ணதுன்னு கேட்டிருக்காங்க. விழுந்துட்டேன்னு சொன்னாளாம். பாத்தியா? பெத்தவன் அடிச்சதை என்கிட்ட வந்து சொன்னவ, என்னைக் காட்டிக் குடுக்கலை. பாசம் இல்லாமயா?

சீழ் ஆறினதும் இங்கயே வந்து மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கா. குழி விழுந்த எடத்துல லேசர் இப்ப வைக்க மாட்டாங்களாம். அது ஆற ஒரு வருசம் ஆகலாம், ஆறாமலும் போகலாமாம். மெடிக்கல் ஷாப்புல எடது பக்கம் செவுத்தைப் பாத்த மாதிரி நிக்கறாளாம். அஞ்சலைதான் வந்து சொன்னா. எங்க பெரியவங்க என் பக்கம்தான், கத்தி எடுத்தவ மேலதான் தப்புன்னாங்க. அதைக் கேட்டு எனக்கு ஒரு வாய்ச் சோறு கூட எறங்கலை.

போன தடவை அவ இங்க வந்தப்ப, அஞ்சலை சொல்லி நான் வந்தேன். மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். என்னைப் பாத்ததும் அந்தக் கோடியில ஒரு படி இருக்கு பாரு, அது வழியா ஓடினா. செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்துச்சு, அதைக் கூட எடுக்கலை. நான் பின்னாடியே தொரத்திக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். 'நில்லுடி, கொன்னுடுவேன்'னு கத்தினேன். அது சும்மா வாயில வர்றது, உன் பொண்ணை நீ சொல்ல மாட்டியா? அதைப் போய் இந்தக் கவுண்டர்காரி பெருசா எடுத்துக்கிட்டா.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் சிமிட்டாவைக் கீழ வெச்சேன். அவளுக்கு அடுத்த லேசர் ஆறு வாரம் கழிச்சுன்னு எனக்குத் தெரியும். இந்த ஆறு வாரமும் நான் மூஞ்சியில கை வைக்கலை. மஞ்சள் பூசலை. முப்பத்தஞ்சு வருசமா எவன் கண்ணுலயும் காட்டாத தாடியோட சேலத்து வீதியில நடந்தேன். காறித் துப்பினான் ஒருத்தன். கல்லெறிஞ்சான் ஒருத்தன். எங்க ஆளுங்களே அவங்க வீட்டுக்குள்ள விடலை. எதுக்குத் தெரியுமா?

இதோ, இந்தப் பையில என்ன இருக்குன்னு பாரு. இது புது ரேசர். பொம்பளைங்களுக்குன்னு ரோஸ் கலர்ல விக்கறான், நானே கடைக்குப் போய்க் கேட்டு வாங்கினேன். என் கையால நான் வாங்கின மொத கத்தி. இது அவளுக்கு. இது சிமிட்டா. அன்னிக்குப் போட்ட அதே சிமிட்டா. இதையும் அவ கையிலதான் குடுக்கப் போறேன். 'உக்காருடி என் நெஞ்சு மேல, பிடுங்கு, நான் தோண்டின மாதிரியே தோண்டு, நான் வாயைத் தெறக்க மாட்டேன்'னு சொல்லப் போறேன். அதுக்குத்தான் வளத்தேன். வேரோட இருக்கு, எல்லாம் வேரோட இருக்கு. வெள்ளை முடிதான், வெள்ளையை லேசர் பிடிக்காதாம், கையாலதான் பிடுங்கணும். அவ பிடுங்கட்டும். அப்புறம் கண்ணாடி பாத்துட்டு நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுவோம்.

ஏன் கண்ணு மூஞ்சி வெளிறிப்போச்சு? தண்ணி குடிக்கறியா?

இரு இரு. ரெண்டாவது ரூம்ல மிசின் சத்தம் நின்னுடுச்சு. ஐஸ் வெச்சு முடிச்சதும் வெளிய வந்துடுவா. செருப்புச் சத்தம் கேக்குது, அவ நடைதான், எனக்குத் தெரியாதா? நீ எழுந்திரு தாயி, சீக்கிரம். அந்தப் படிப் பக்கம் போய் நில்லு. உன்னைப் பாத்தா அவ பயப்பட மாட்டா. பொண்ணைப் பெத்தவதானே நீ, எனக்காக இது ஒண்ணு பண்ணு. என்னைப் பாத்ததும் ஓடப் பாப்பா. நீ கையை மட்டும் பிடிச்சுக்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்.